பறவையைத் துரத்தாதீர்கள், அது பாடும் கிளைக்கு முன்னால் போய் நில்லுங்கள்

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வசந்தகாலத்தில் நகரப் பூங்காவுக்குள் நுழைந்தால் நாலாபக்கமும் பறவைக் குரல் கேட்கிறது. கேமராவைத் தூக்கியதும் எல்லாம் மறைந்துவிடுகிறது. எடுத்த கொஞ்சநஞ்ச வீடியோவிலும் நடுக்கம், இலை, வண்டிச் சத்தம். இன்னும் பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. குறை லென்ஸில் இல்லை. குரல் கேட்ட பக்கம் ஓடுகிறோம், பறவை நகர்கிறது, நாமும் நகர்கிறோம். இப்படித் துரத்துகிறவரை எந்த லென்ஸும் காப்பாற்றாது. அது எந்தக் கிளைக்குத் திரும்பி வரும் என்று முதலில் தெரிந்துகொண்டு, வருவதற்கு முன்பே அங்கே போய் நிற்பதுதான் வழி. வேறு எந்தப் பருவத்திலும் இதைச் சொன்னால் எளிதில் நடக்காது. வசந்தத்தில் நடக்கும்.

ஏன் என்றால், பகல் நீள ஆரம்பித்ததும் பறவையின் உடம்பே மாறுகிறது. பகல் நீள்வதை அது கண்ணால் மட்டும் அறிவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே கசியும் வெளிச்சமே அவற்றுக்குப் போதும். அங்கிருந்து ஹார்மோன்கள் சுரக்கத் தொடங்கி, இனப்பெருக்க உறுப்புகள் பலமடங்கு பெரிதாகின்றன. பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளும் வளர்கின்றன. கேனரிப் பறவைகளில் இந்தப் பகுதிகள் வசந்தத்தில் பெருத்து, பருவம் முடிந்ததும் சுருங்குவதை ஆய்வாளர் ஃபெர்னாண்டோ நாட்டெபாம் 1981இல் காட்டினார். வளர்ந்த மூளையில் புது நரம்புச் செல்கள் பிறக்காது என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டதில் இந்தக் கேனரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்படித் தயாரான ஆண் பறவை ஒரு துண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு, ‘இது என்னுடையது’ என்று மற்ற ஆண்களுக்கும், ‘இங்கே இருக்கிறேன்’ என்று பெண்களுக்கும் சேர்த்துப் பாடுகிறது. பாட்டு தூரம் போக வேண்டும், அதனால் உயரமான, திறந்த, எல்லையையொட்டிய சில கிளைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கே திரும்பத் திரும்ப வருகிறது. நமக்கு வேண்டியது அந்தச் சில கிளைகள் மட்டும்தான். (பாடுவது ஆண்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2014இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வில், பார்க்கப்பட்ட இனங்களில் 71 சதவீதத்தில் பெண்களும் பாடுவது தெரிந்தது. குளிர்நாடுகளில் ஆண்களே அதிகம் பாடுவதால்தான், அங்கே இருந்து எழுதியவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டார்கள்.)

இன்னொரு சிறு விளக்கம், ஏனென்றால் இதில் பலரும் குழம்புகிறார்கள். பறவையியலில் பாடும் பறவை என்பது குரல் இனிமையை வைத்துச் சொல்வது அல்ல, அது ஓர் உறவுக் கூட்டம். அந்தக் கணக்கில் காகம் பாடும் பறவை, குயில் இல்லை! மைனா, சின்னான், தையல்சிட்டு, தேன்சிட்டு, குண்டுகரிச்சான் எல்லாம் உள்ளே. இவற்றின் குரல் பெட்டி தொண்டையில் இல்லை; மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. இரண்டு கிளைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு. அதனால் ஒரே சமயத்தில் இரண்டு சுரம் எழுப்ப இவற்றால் முடியும். பாட்டையும் இவை குஞ்சுப் பருவத்தில் கேட்டுத்தான் கற்றுக்கொள்கின்றன.

சரி, கிளையை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சில காலைகள் கேமரா இல்லாமல் போங்கள். எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் படி இதுதான், ஆனால் மிச்சம் எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. பூங்கா முழுவதையும் சுற்ற வேண்டாம். புதரும் புல்வெளியும் சேரும் ஓர் ஓரம், அல்லது தண்ணீர் கசியும் ஒரு மூலை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்காருங்கள். ஒரு காகிதத்தில் மரங்களைக் கோடாகக் கிறுக்கி, பறவை எந்தக் கிளையில் பாடியது, அடுத்து எங்கே போனது என்று புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் மூன்று நான்கு இடங்களில் குவிய ஆரம்பிக்கும். அவற்றில் எந்தக் கிளைக்குப் பின்னால் வானம் இல்லாமல் கருமையான மரநிழல் இருக்கிறதோ, அதுதான் உங்கள் கிளை.

அதோடு தாளத்தையும் கவனியுங்கள். ஐரோப்பியப் பூங்காக்களில் எங்கும் இருக்கும் சாஃபின்ச் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மூன்று விநாடி பாட்டு, கடைசியில் ஒரு சுழிப்பு, பிறகு சில விநாடி மௌனம், மறுபடி அதே பாட்டு. அந்த மௌனத்தின் நீளம் காதில் பதிந்துவிட்டால், அலகு திறப்பதற்கு முன்பே பதிவுப் பொத்தானை அழுத்தலாம். வாய்ப்புக்கும் குறைவில்லை. கனடாவின் பறவை ஆய்வாளர் லூயிஸ் டி கிரிலைன் லாரன்ஸ், செங்கண் விரியோ என்ற சிறு பறவை ஒன்றின் பின்னால் விடியலிலிருந்து அந்தி வரை உட்கார்ந்து எண்ணியபோது, அந்த ஒரே நாளில் அது பாடியது 22,197 முறை. ஒரு பாட்டைத் தவறவிட்டால் பதறி ஓட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

நேரத்தைப் பற்றி. விடியற்காலைக் கூட்டுப்பாட்டு சூரியன் எழுவதற்கு முன்பே தொடங்கிவிடும். பொதுவாக உடலளவை ஒப்பிடக் கண் பெரிதாக உள்ள இனங்கள் இருட்டிலேயே ஆரம்பிக்கும், மற்றவை வெளிச்சம் வர வர சேர்ந்துகொள்ளும். இதைக் கேட்பதற்கு இணையில்லை; படம்பிடிப்பதற்கோ உதவாது, வெளிச்சம் போதாமல் மணல் தூவியது போன்ற புள்ளிகள்தான் திரையில் மிஞ்சும். அதனால் இருட்டில் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். படத்துக்கு, சூரியன் எழுந்ததிலிருந்து முதல் இரண்டு மணி நேரம். அப்போது முதல் வெயில் விழும் மர ஓரத்தில் நில்லுங்கள். பூச்சிகள் அங்கேதான் முதலில் சூடேறிப் பறக்கும், அவற்றைத் தின்னும் பறவைகளும் அங்கேதான் வரும். இலை முழுசாக விரியாத முதல் சில வாரங்களை விட்டுவிடாதீர்கள். பிறகு குரல் இருக்கும், பறவை தெரியாது.

வலசைப் பறவைகளின் கணக்கு வேறு. சிறிய பாடும் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பயணம் செய்கின்றன. விடியும் வேளையில் கீழே கட்டடக் கடல் நடுவே ஒரே ஒரு பச்சைத் திட்டு தெரிந்தால், எல்லாம் அங்கேயே இறங்கும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் இப்படித்தான் பேர் வாங்கியது. 341 ஹெக்டேர்தான், ஆனால் இதுவரை 200க்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. இரவில் பின்காற்று வீசி, அதிகாலையில் மழை குறுக்கிட்டால் அன்று காலை எந்த வேலை இருந்தாலும் தள்ளிப்போட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போங்கள். இவை களைத்துப்போய் வயிற்றைக் கவனிக்க இறங்கியவை, குறிப்பிட்ட கிளை கிடையாது. இவற்றுக்கு நான் மேலே சொன்ன கிளைத் தந்திரம் பலிக்காது. பூத்த மரத்தடியிலோ சொட்டும் தண்ணீருக்குப் பக்கத்திலோ காத்திருப்பதுதான் சரி.

நகரத்துப் பறவையின் பாட்டும் காட்டுப் பறவையின் பாட்டும் ஒன்றல்ல. நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தைப் பற்றி ஆய்வாளர் ஹான்ஸ் ஸ்லாபெகோர்ன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரைச்சல் அதிகமான இடத்தில் வாழும் கிரேட் டிட் பறவைகள் தங்கள் பாட்டின் அடிச் சுரத்தை உயர்த்திக்கொள்வது தெரிந்தது, வண்டிகளின் தாழ்ந்த உறுமலுக்கு அடியில் அமுங்கிப்போகாமல் இருக்க. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபின்கள் இரவில் பாடுவதற்குத் தெருவிளக்கைவிடப் பகல் இரைச்சலே முக்கியக் காரணமாகத் தெரிந்தது. 2020 ஊரடங்கில் சான் ஃபிரான்சிஸ்கோ அமைதியானபோது அங்கிருந்த வெண்கொண்டைச் சிட்டுகள் தாழ்ந்த குரலில், ஆனால் அகன்ற சுர வீச்சில் பாடின. குரலைக் குறைத்தும் பாட்டு முன்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான தூரம் கேட்டது. உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் நேரடிப் பயன்: விடுமுறை நாள் அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள். பறவைக்கும் நல்லது, மைக்குக்கும் நல்லது.

நிற்கும் விதம் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், அபாயக் குரலைக் கற்றுக்கொள்ளுங்கள். பருந்து தலைக்கு மேல் வந்தால் பல சிறு பறவைகள் மெல்லிய, கூரிய, நீண்ட ‘சீ…’ ஒலி எழுப்பும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாத மாதிரியான ஒலி அது. தரையில் பூனை வந்தால் அதற்கு நேர்மாறு: ‘டிக் டிக்’, ‘சர்ர்’ என்று கரகரப்பாக, எல்லோரையும் கூப்பிட்டுச் சேர்க்கும் ஒலி. நீங்கள் ஓர் இடத்தில் நின்றதும் இந்தக் கரகரப்பு தொடங்கி, நீங்கள் நகர்ந்ததும் நின்றால் அந்தப் பூனை நீங்கள்தான். பத்தடி பின்வாங்குங்கள். பாட்டு திரும்பி வரும் தூரம்தான் நீங்கள் நிற்க வேண்டிய தூரம். வாயில் பூச்சியைப் பிடித்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் அங்குமிங்கும் தாவும் பறவையைப் பார்த்தாலும் இதே பொருள்தான். நீங்கள் அதன் வழியில் நிற்கிறீர்கள்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 அல்லது 8x32 (முதல் எண் பெருக்கம், அடுத்தது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில்). இதைவிடப் பெருக்கம் வேண்டாம், கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். பறவை மேல் வைத்த பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகினால் போதும்.

கேமராவில் என்ன வேண்டும் என்றால், 400 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் எட்டும் லென்ஸ், உறுதியான ட்ரைபாட், அதன் மேல் வழுவழுவென்று திரும்பும் வீடியோ ஹெட். பணம் குறைவு என்றால் லென்ஸில் சிக்கனம் பிடியுங்கள், ட்ரைபாட்டில் வேண்டாம். 125 மடங்கு ஜூம் கொண்ட நிக்கான் பி1000 போன்ற கேமராக்கள் ஆசை காட்டும். ஆனால் அந்த 3000 மில்லிமீட்டர் எல்லையில் நீங்கள் படம்பிடிப்பது பறவையை இல்லை, நடுவில் அலையும் வெப்பக் காற்றை. வெயில் ஏறிய புல்வெளிக்கு மேலாக எடுத்துப் பாருங்கள், பறவை தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி நெளியும். அதிகாலையில் இந்தத் தொல்லை குறைவு.

விநாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்பது சினிமாக்காரர்களின் விதி. பறவைக்கு நான் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. பாடும்போது தொண்டை இறகு அதிர்வது தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் 1/100, 1/200 வரை போகலாம். தானியங்கி ஃபோகஸ் இலைக்கும் கிளைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கிளையைத்தான் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டீர்களே, அதன் மேல் கையால் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். வானத்துக்கு எதிரே இருந்தால் பறவை கருப்பு நிழலாகிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, கூட்டுங்கள். 4கேயில் எடுத்தால் பிறகு 1080இல் இரண்டு மடங்கு நெருக்கமாக வெட்டிக்கொள்ளலாம், அதனால் எடுக்கும்போது பறவையைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள். பதிவு ஓடும்போது ஜூம் செய்ய வேண்டாம். ஒரு ஷாட்டை அரை நிமிடமாவது அசைக்காமல் வையுங்கள். பறவை பறந்து போன பிறகும் வெறும் கிளை ஆடுவதைச் சில விநாடி எடுங்கள், எடிட்டிங்கில் அது எவ்வளவு உதவும் என்று உட்கார்ந்தால்தான் தெரியும்.

குளிர் ஊறிய காலையில் சூரியனைப் பறவைக்குப் பின்னால் வைத்து, கருமையான பின்னணியில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அலகிலிருந்து மூச்சு ஆவியாகச் சுருண்டு வெளிவருவது தெரியும். நீண்ட சுரத்துக்கு நீண்ட சுருள், துண்டு சுரத்துக்குத் துண்டுத் துண்டாகப் புகை. 120 ஃப்ரேமில் எடுத்து மெதுவாக ஓட்டினால் மேல் அலகும் கீழ் அலகும் சுரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குவதும் தெரியும். சுரம் ஏற ஏற வாய் அகலும். ஆனால் ஒன்று, பல கேமராக்களில் மெதுவோட்டத்தில் ஒலி பதிவாகாது. ஒலியைத் தனியாக எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒலி. பாடும் பறவையைப் படம்பிடிப்பதில் பாதி இதுதான், ஆனால் பெரும்பாலான வீடியோக்களில் இதுதான் படுமோசம். கேமராவிலேயே உள்ள மைக் காற்று, லென்ஸ் மோட்டார், உங்கள் மூச்சு எல்லாவற்றையும் பிடிக்கும். அதற்கென்று விலை கூடிய மைக்கைத் தேட வேண்டியதில்லை, தூரத்தைக் குறையுங்கள். மைக்குக்கும் பறவைக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். 16 மீட்டரில் நிற்கும் உங்கள் கையில் உள்ள மைக்கை, 2 மீட்டரில் கிளைக்கு அடியில் வைத்தால் 18 டெசிபல் ஆதாயம், பின்னணி இரைச்சல் கூடாமலே. சின்ன ரெக்கார்டர் ஒன்று போதும், அதுவும் இல்லையென்றால் பழைய ஃபோன். பறவை வருவதற்கு முன்பே வைத்துவிட்டு விலகிவிடுங்கள். அதன் மேல் காற்றுக்கு ஒரு ரோம உறை போடுங்கள். ஒலி அளவைத் தானியங்கியில் விடாதீர்கள், பாட்டு நின்றதும் அது இரைச்சலை இழுத்து உயர்த்தும். கையால் வைத்து, ரெக்கார்டர் திரையின் அளவுகோலில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி பாருங்கள். போக்குவரத்து இரைச்சலின் பெரும்பகுதி 1 கிலோஹெர்ட்சுக்குக் கீழே கிடக்கிறது, பாடும் பறவைகளின் பாட்டு பெரும்பாலும் 2 முதல் 8 கிலோஹெர்ட்ஸ். ஆகவே பிறகு கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டாலே பாதி நகரம் காணாமல் போகும். புறா, குயில் இவற்றை எடுத்திருந்தால் மட்டும் வெட்டாதீர்கள், அவற்றின் குரலே அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, பூங்காவில் விட்டுவைத்த ரெக்கார்டரில் பெஞ்சில் பேசுகிறவர்களின் பேச்சும் விழும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள்.

தூரத்திலிருந்து கேமரா மைக்கிலேயே எடுத்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் தள்ளியிருக்கும் பறவையின் குரல் பத்தில் ஒரு விநாடி தாமதமாக வரும், அதாவது 25 ஃப்ரேமில் இரண்டரை ஃப்ரேம். அலகு முதலில் திறக்கும், பாட்டு பிறகு வரும். சரியாகப் பொருந்தாத டப்பிங் படம் மாதிரி. எடிட்டிங்கில் ஒலியை இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னால் இழுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை வசதி இருக்கும் நமக்கு ஒரு தகவல்: அறியப்பட்ட பறவைக் குரல் பதிவுகளில் மிகப் பழையது 1889இல், ஜெர்மனியில், பின்னாளில் பறவைக் குரல் பதிவில் பேர் வாங்கிய லுட்விக் கோக் சிறுவனாக இருந்தபோது எடிசனின் மெழுகு உருளையில் எடுத்தது. அதில் பாடுவது கூண்டிலிருந்த ஒரு சோலைபாடி.

இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. பதிவு செய்த குரலைப் போட்டுக்காட்டிப் பறவையை வரவழைக்காதீர்கள். ஓர் எதிராளி தன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று நம்பித்தான் அது ஓடிவருகிறது. தேட வேண்டிய இரையை விட்டு, இல்லாத எதிரியோடு சண்டை போடுகிறது. நகரப் பூங்காவில் ஒரே பறவையிடம் ஒரே காலையில் பலரும் இதைச் செய்வார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். படத்திலும் அது நன்றாக வராது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு பதற்றத்தில் இருக்கும் பறவையை, பழகிய கண் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கூட்டைப் படம்பிடிப்பதும் வேண்டாம். நல்ல கோணத்துக்காக ஒதுக்கிவிட்ட இலை, கூட்டுக்கு வெயிலும் காக்கைக்கு வழியும் கொடுக்கும். தரையில் அரைகுறை இறகோடு உட்கார்ந்திருக்கும் குஞ்சைத் தூக்கிக் காப்பாற்றவும் வேண்டாம், தாயும் தந்தையும் பக்கத்திலேயே, நீங்கள் விலகிப் போவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். மனிதர்கள் விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நீண்ட லென்ஸைக் குழந்தைகள் விளையாடும் பக்கமோ வீட்டு ஜன்னல் பக்கமோ திருப்பினால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். யாராவது வந்து கேட்டால் திரையைக் காட்டுங்கள், பெரும்பாலும் அதற்குப் பிறகு அவர்களே ‘அந்த மரத்தில் இன்னொன்று இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இனம் தெரியவில்லை என்றால் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் குரலைக் கேட்கவிடலாம். 2021இலிருந்து இந்த வசதி அதில் இருக்கிறது. நல்ல உதவியாளர்தான், ஆனால் மற்ற பறவைகளைப் போலப் பாடிக்காட்டும் கரிச்சான், ஸ்டார்லிங், மாக்கிங்பேர்ட் போன்றவற்றிடம் ஏமாறும். பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எடிட் செய்யும்போது நகரத்தை ஒளிக்காதீர்கள் என்பது என் விருப்பம். பறவையின் நெருக்கமான ஷாட் மட்டும் அடுக்கிய வீடியோ எந்தக் காட்டில் எடுத்ததாகவும் இருக்கலாம். விளக்குக் கம்பத்தின் மேல் உட்கார்ந்து, கீழே பேருந்து போக, அதையும் மீறிப் பாடும் ஒரு தூர ஷாட் இருந்தால்தான் அது அந்தப் பறவையின் கதை. பின்னணி இசை வேண்டாம். பாட்டுக்கு மேல் பாட்டு எதற்கு? வெட்டாத மூல ஒலியை, தேதி, நேரம், இடம் குறித்து, பறவைக் குரல்களைச் சேர்த்துவைக்கும் ஸீனோ-கான்டோ இணையதளத்திலோ, பறவைக் குறிப்புகளைப் பதியும் ஈபேர்ட் தளம் வழியாக கார்னெலின் மெக்காலே நூலகத்திலோ ஏற்றிவிடுங்கள். நகர இரைச்சலால் பாட்டு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட சாதாரணப் பதிவுகள்தான் தேவைப்படுகின்றன. கூடு தெரியும் பதிவாக இருந்தால் மட்டும், குஞ்சுகள் பறந்து போகும் வரை வெளியிடாமல் வைத்திருங்கள்.